தம்பி படிப்ப நிறுத்திட்டு வேலைக்கு போறேங்கறான், எங்கேர்ந்து பேச ஆரம்பிக்கறது?

நடுவுலஒருத்தன்:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 16 வயசு. இந்த வருஷத்தோட ஸ்கூல் போதும், வேலைக்கு போறேன்னு ஒரே பிடிவாதம். ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் பண்ற ஒருத்தர் கூட லீவு நாள்ல போய்ட்டு வந்துட்டு இருந்தான், அவர் "பேசாம முழுசா வந்துடு, தொழில் கத்துத் தரேன்"னு சொல்லிட்டாராம், அதுலேர்ந்து வீட்ல தினமும் இதே பேச்சு தான். அப்பா "படிப்ப விட்டா என் மூஞ்சில முழிக்காத"ங்கறார், அம்மா அழறாங்க, அவன் கதவ சாத்திட்டு உள்ள உக்காந்துக்கறான். ரெண்டு பக்கமும் தூது போறது நான்.

பணத்துக்கு ரொம்ப கஷ்டப்படற வீடு இல்ல, தாராளமா செலவு பண்ற வீடும் இல்ல. அவன் மக்கும் இல்ல, வீட்ல எது ரிப்பேர் ஆனாலும் கழட்டி மாட்டிடுவான்.

அவன எப்படி தடுக்கறதுன்னு நான் கேக்கல. இந்த வயசுல இருக்கறவங்க இந்த முடிவ உண்மையிலேயே எப்படி எடுக்கறாங்க? சம்பளத்த கணக்கு போட்டா, ஃப்ரெண்ட்ஸ பார்த்தா, ஸ்கூல் வெறுத்துப் போயா? அது தெரிஞ்சா தான் பேச்ச எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு எனக்கு புரியும். "படிச்சா பெரிய ஆளா வரலாம்" டைப் அட்வைஸ் வேண்டாம் ப்ளீஸ், அப்பா ஏற்கனவே வண்டி வண்டியா குடுத்தாச்சு.

சாக்பீஸ்தூள்:

தம்பி, நான் ஹைஸ்கூல் பசங்களுக்கு பாடம் எடுக்கறவ, எங்க பக்கத்துலேர்ந்து பார்த்தது சொல்றேன். ஒரு நாள் உக்காந்து யோசிச்சு "நாளைலேர்ந்து ஸ்கூல் கிடையாது"ன்னு முடிவு பண்ற பையன் ரொம்ப அபூர்வம். முதல்ல டெஸ்ட் இருக்கற நாள்ல மட்டும் லீவு வரும், தலவலி வயித்துவலின்னு. அப்புறம் ஒரு குறிப்பிட்ட பீரியட்ல மட்டும் ஆள் இருக்காது. அப்புறம் கடைசி பெஞ்ச். அதுக்கப்புறம் நாங்களும் அவன எழுப்பி கேள்வி கேக்கறத விட்டுடுவோம், ஏன்னா பதில் வராது, கிளாஸ் சிரிக்கும், எதுக்கு வம்புன்னு. அந்த கட்டத்துல அவன் ஸ்கூல விட்டுப் போய் பல மாசம் ஆகியிருக்கும், அட்டெண்டன்ஸ்ல பேர் இருக்கும் அவ்வளவு தான்.

இந்த நேரத்துல ஒருத்தர் வந்து "வேலைக்கு வா"ன்னு கூப்பிட்டா என்ன ஆகும்? படிப்பு வரலன்னு நின்னவன ஊரே ஒரு மாதிரி பாக்கும், வேலை கெடச்சு போறவன யாரும் ஃபெயில்னு சொல்ல மாட்டாங்க. கௌரவமா வெளிய போக ஒரு வாசல் கெடைக்குது. அதனால அவன் சம்பளத்த பத்தி பேசினாலும் விஷயம் சம்பளம் தானான்னு எனக்கு சந்தேகம்.

நீங்க முதல்ல அவன்கிட்ட பேசாதீங்க. கடைசி ரெண்டு மூணு வருஷ மார்க் ஷீட்ட எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, எந்த பாடம் முதல்ல விழுந்துச்சுன்னு. அநேகமா கணக்கா இருக்கும். பின்னம் சரியா புரியாம அல்ஜீப்ராக்கு வந்த பசங்க நெறைய, அல்ஜீப்ரா இல்லாம பிசிக்ஸ் ஓடாது, ஒண்ணு தடுக்கினா மூணு பாடம் சேந்து விழும். அது சரி பண்ணக்கூடிய விஷயம், சில மாசத்துல. ஆனா 16 வயசு பையன் வாயத் தொறந்து "எனக்கு பின்னம் வராது"ன்னு சொல்லவே மாட்டான், அதுக்கு பதிலா "இந்த படிப்பால என்ன பிரயோஜனம்"னு தான் கேப்பான். ஒரு வருஷம் ஃபெயிலாகி சின்ன பசங்களோட உக்காந்து படிக்க வேண்டியிருக்கற பையனுக்கு இது இன்னும் மோசம்.

இன்னொன்னு, உங்க கேள்விக்கு சம்பந்தமில்ல ஆனாலும் சொல்லிடறேன். பொண்ணுங்க ஸ்கூல விடும்போது இந்த அளவுக்கு சண்டையே நடக்கறதில்ல. தம்பி தங்கச்சிய பாத்துக்க, வீட்டு வேலைக்குன்னு நிறுத்திடுவாங்க, அதுக்கு சம்பளம் கெடையாது, அதனால அத "வேலைக்குப் போனா"ன்னு கூட யாரும் சொல்றதில்ல, எந்த ஃபோரம்லயும் வந்து யாரும் கேக்கறதும் இல்ல.

கூட்டல்கழித்தல்:

டீச்சர் சொல்றது சரி, ஆனா சம்பளக் கணக்கே இல்லன்னு தள்ளிட முடியாது. கணக்கு போடறாங்க, ஆனா கைல இருக்கற நம்பரே தப்பா இருக்கும். இதுக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் டொமினிகன் ரிபப்ளிக்ல எட்டாவது படிக்கற பசங்க கிட்ட கேட்டார், இதோட நிறுத்தினா எவ்வளவு சம்பாதிப்ப, ஹைஸ்கூல் முடிச்சா எவ்வளவு சம்பாதிப்பன்னு. பசங்க சொன்ன வித்தியாசம் உண்மையான வித்தியாசத்த விட ரொம்ப கம்மி. ஏன்னா அவங்க கண்ணுக்கு தெரியறது பக்கத்து வீட்டுக்காரங்க தான், படிச்சு நல்லா சம்பாதிக்கறவங்க அந்த ஏரியாலயே இருக்கறதில்ல, வேற எடத்துக்கு போயிடறாங்க. அப்புறம் சில ஸ்கூல்கள்ல மட்டும் உண்மையான சம்பள விவரத்த சொன்னாங்க, வேற எதுவும் பண்ணல, சும்மா சொன்னாங்க. அந்த பசங்க அடுத்த 4 வருஷத்துல மத்தவங்கள விட சராசரியா 0.20லேர்ந்து 0.35 வருஷம் வரைக்கும் அதிகமா படிச்சாங்க. 2010ல வெளியான பேப்பர்.

ஆனா இதுல ஒரு கொக்கி இருக்கு, பல பேர் அத சொல்லாம விட்டுடுவாங்க. ரொம்ப ஏழை வீட்டுப் பசங்க கிட்ட இந்த தகவலால ஒரு மாற்றமும் வரல. படிச்சா லாபம்னு தெரிஞ்சாலும் அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க காசு வேணும்ல. மெக்சிகோ 1997ல ப்ரோக்ரெசான்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, புள்ள 85 சதவீதம் ஸ்கூலுக்கு வந்தா அம்மா கைல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பணம். மேல் கிளாஸ் போகப் போக தொகை கூடும், ஏன்னா வயசு ஏற ஏற வேலைக்கு போனா கெடைக்கற கூலியும் கூடுதே, அத ஈடு கட்டணும். ஹைஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு பசங்கள விட கொஞ்சம் அதிகமாவே குடுத்தாங்க. அது வேலை செஞ்சுது. ஸ்கூலுக்கு ஃபீஸ் இல்லன்னா படிப்பு இலவசம்னு நெனக்கறோம், இழக்கற கூலி தான் உண்மையான ஃபீஸ்.

அதே மெக்சிகோல இன்னொரு பக்கமும் இருக்கு. ஏற்றுமதி ஃபேக்டரிங்க வந்த ஊர்கள்ல பசங்க ஸ்கூல்ல நிக்கறது குறைஞ்சுது. டேவிட் அட்கின்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் போட்ட கணக்குப்படி 25 புது வேலை வந்தா அதுக்கு ஒரு பையனோ பொண்ணோ 12 வரைக்கும் போகாம 9ஆவதோட நின்னாங்க. வேலை வாய்ப்பு பெருகறது நல்ல செய்தி தான், ஆனா அது படிக்காதவன உடனே எடுத்துக்கற வேலையா இருந்தா 16 வயசுக்காரன இழுக்கும்.

ஒரு வருஷம் கூட படிச்சா சம்பளம் எவ்வளவு கூடும்னா, உலக சராசரி சுமார் 9 சதவீதம்னு சொல்றாங்க. சராசரி தான், உங்க தம்பிக்கு அதே 9 வரும்னு இல்ல. கணக்கு வராம கிளாஸ்ல சும்மா உக்காந்திருக்கற வருஷத்துக்கு யாரும் 9 சதவீதம் குடுக்க மாட்டாங்க.

ஸ்பேனர்செட்:

மேல ரெண்டு பேர் நல்லா எழுதிருக்கீங்க ஆனா ரெண்டு பேருமே அந்த பையன் எதையோ தப்பா புரிஞ்சுகிட்டான்னே ஆரம்பிக்கறீங்க. நான் 16ல வேலைக்கு வந்தவன், இதே கூலிங் லைன் தான், இப்ப கைக்கு கீழ ஆளுங்க இருக்காங்க, எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லங்க. சில பேருக்கு கைல வேலை செஞ்சா தான் மூளை ஓடும். அத மொதல்ல ஒத்துக்கங்க.

ஆனா ப்ரோ, நீங்க ஸ்கூல பத்தி இவ்வளவு யோசிக்கறீங்க அந்த வேலைய பத்தி ஒரு வரி கூட எழுதல. தொழில் கத்துத் தரேன்னு எல்லாரும் தான் சொல்லுவாங்க. போய் பாருங்க. அவர்கிட்ட ரெண்டு மூணு வருஷமா இருக்கற பையன் இப்ப என்ன பண்றான்? தனியா ஒரு கம்ப்ளைன்ட் அட்டென்ட் பண்றானா, இல்ல இன்னும் ஏணி புடிக்கறது, அவுட்டோர் யூனிட் தூக்கறது, ஃபில்டர் கழுவறது தானா? பழைய பையனுக்கும் புது பையனுக்கும் சம்பளத்துல வித்தியாசம் இருக்கா? அங்க வேலை கத்துகிட்டு வெளிய போய் தனியா நிக்கறவன் ஒருத்தனாவது இருக்கானா? இந்த மூணுக்கும் பதில் இல்லன்னா அது தொழில் கத்துக்கற எடம் இல்ல, கம்மி சம்பளத்துக்கு ஹெல்ப்பர் புடிக்கற எடம்.

அப்புறம் இந்த லைன் நாங்க வந்தப்ப மாதிரி இல்ல. முன்ன கேஸ் சார்ஜ் பண்ணத் தெரிஞ்சா பொழச்சுக்கலாம். இப்ப இன்வெர்ட்டர் மெஷின், போர்டுல எரர் கோட் பார்த்து மல்டிமீட்டர் வச்சு வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ் கணக்கு பண்ணனும். பிரஷர் டெம்பரேச்சர் சார்ட் படிக்கணும். இப்ப வர்ற கூலிங் கேஸ்ல ஆர்-32 லேசா தீப்பிடிக்கற கேஸ், ஆர்-290 னா அது புரொப்பேன், சமையல் கேஸ் ஜாதி, பத்தவே பத்தும். அமெரிக்கா, ஐரோப்பால எல்லாம் கேஸ் கையாளறதுக்கு சர்டிஃபிகேட் பரீட்சை இருக்கு, அது இல்லாம சிலிண்டர தொடவே கூடாது. டீச்சர் சொன்ன பின்னமும் அல்ஜீப்ராவும் இங்க வந்து திரும்ப நிக்கும், கணக்குக்கு பயந்து இங்க வரான்னா இங்கயும் ஒரு எடத்துல மாட்டுவான்.

முக்கியமா, கெப்பாசிட்டர் ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் ஷாக் அடிக்கும், மாடி வெளிச்சுவத்துல தொங்கிட்டு வேலை பாக்கணும். 18 ஆகாத பையன சேஃப்டி பெல்ட் இல்லாம ஏத்தற ஆளுங்கள நான் பாத்திருக்கேன். அவர் எப்படின்னு விசாரிங்க.

கூட்டல்கழித்தல்:

ஸ்பேனர்செட் அண்ணே சொன்னதுக்கு ஒரு விஷயம் சேக்கறேன். சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1973 ஒப்பந்தப்படி வேலைக்கு போகற குறைந்தபட்ச வயசு 15, கட்டாயக் கல்வி முடியற வயசுக்கும் கீழ இருக்கக்கூடாது, வளர்ச்சி குறைஞ்ச நாடுகள் ஆரம்பத்துல 14 வச்சுக்கலாம். ஆனா ஆபத்தான வேலைக்கு பொதுவா 18. கரென்ட், உயரம், கேஸ் மூணும் சேர்ந்த வேலை எந்த பக்கம் வரும்னு உங்க நாட்டு சட்டத்துல பாத்துடுங்க. 16ல வேலைக்கு போகலாம்னு சட்டம் சொன்னா எல்லா வேலைக்கும் போகலாம்னு அர்த்தம் இல்ல.

நடுவுலஒருத்தன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி மார்க் ஷீட்ட எடுத்து பார்த்தேன். எட்டாவது வரைக்கும் கணக்குல நல்ல மார்க், ஒன்பதாவது அரையாண்டுல சர்ருனு இறங்கியிருக்கு, அந்த வருஷம் அவனுக்கு உடம்பு சரியில்லாம ரொம்ப நாள் ஸ்கூல் போகல. அடுத்த வருஷம் பிசிக்ஸும் சேந்து இறங்கியிருக்கு. வீட்ல யாருமே அத ஒண்ணோட ஒண்ணு சேத்து பாக்கல, பாஸ் ஆயிட்டான்ல விடுன்னு விட்டாச்சு.

நேத்து ராத்திரி அவன்கிட்ட பேசினேன், மார்க்க பத்தி எடுக்கல, வேலைய பத்தி தான் கேட்டேன். நல்லா பேசினான், ஆச்சரியமா இருந்துச்சு. அவன் சொன்ன ஒண்ணு மனசுலயே நிக்குது: "அங்க ஒரு மெஷின் ஓடலன்னா ஓட வச்சுட்டு வருவோம், அதோட முடிஞ்சுது. ஸ்கூல்ல எதுவுமே முடியறதில்லண்ணே, ஒரு பாடம் முடியறதுக்குள்ள அடுத்தது, அதுக்குள்ள டெஸ்ட்." அவன் கூட படிச்ச ஒருத்தன் போன வருஷம் நின்னு வேலைக்கு போயி இப்ப பைக் வாங்கிட்டானாம், அதுவும் பேச்சுக்கு நடுவுல வந்துச்சு.

இப்ப என் சந்தேகம் என்னன்னா, ஒரு வருஷம் போய்ட்டு வரட்டும், பிடிக்கலன்னா திரும்ப சேத்துக்கலாம்னு விட்டா என்ன? எங்க மாமா அததான் சொல்றார்.

தாமரைஇலை:

நான் இங்க படிச்சுட்டு மட்டும் போறவ, இதுக்கு எழுதணும்னு தோணுச்சு. மாமா சொல்றது கேக்க நல்லா இருக்கும். ஆனா ஒரு வருஷம் கழிச்சு திரும்பி வர்றதுக்கு எது தடையா இருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஸ்கூல் சேத்துக்கும், அது பெரிய விஷயம் இல்ல. சம்பளம் தான் தடை. முதல் ரெண்டு மாசம் அவன் காசு அவன் கைல இருக்கும். அப்புறம் கரென்ட் பில்ல அவன் கட்டட்டும்னு ஆரம்பிக்கும். அப்புறம் வீட்டு பட்ஜெட்ல அது ஒரு வரியா சேந்துடும், யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, தானா நடக்கும். அதுக்கப்புறம் அவனே "நான் திரும்ப படிக்கறேன்"னு சொன்னா வீட்ல எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருப்பாங்க பாருங்க, அந்த ஒரு நிமிஷம் போதும் அவன் வாய மூடறதுக்கு. எங்க அக்காக்கு அதுதான் நடந்துச்சு, போகாதன்னு யாரும் அவள சொல்லல.

அந்த பைக் வாங்கின பையனும் தவணைல தான் வாங்கியிருப்பான். மாசத் தவணை இருக்கறவன் எப்படி வேலைய விடுவான்? முதலாளி கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டா கேக்கவே வேண்டாம்.

அதனால போகறதா இருந்தா போறதுக்கு முன்னாடியே அப்பா அம்மா உக்காந்து பேசி வச்சுடணும், அவன் சம்பளத்துலேர்ந்து வீட்டுக்கு ஒரு பைசா வேண்டாம், அவன் பேர்ல அக்கவுண்ட்ல போடு, தவணைல எதுவும் வாங்காதன்னு. இதுக்கு அப்பா ஒத்துக்கலன்னா மாமா ஐடியாவ மறந்துடுங்க.

சாக்பீஸ்தூள்:

தாமரைஇலை சொன்னது நூத்துக்கு நூறு. நான் பார்த்து திரும்பி வந்த பசங்க ரொம்ப கம்மி, வந்தவங்களும் பழைய கிளாஸ்ல உக்கார முடியாம பிரைவேட்டா எழுதினவங்க தான்.

தம்பி, காரணம் கெடச்சிருச்சு உங்களுக்கு. ஒன்பதாவதுல உடம்பு சரியில்லாம போன அந்த மாசங்கள்ல என்ன பாடம் நடந்துச்சோ அத யாராவது உக்காத்தி வச்சு சொல்லிக் குடுக்கணும். டியூஷன்ல சேத்தா இப்ப நடக்கற பாடத்த தான் எடுப்பாங்க, அது அவனுக்கு உதவாது. பழைய புக்க எடுத்து அங்கேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. சின்ன கிளாஸ் புக்குன்னு கூச்சப்படுவான், வீட்டுக்குள்ளயே வச்சுக்கங்க.

ஸ்பேனர்செட்:

டீச்சர் சொல்ற மாதிரி பழைய புக்க குடுத்தா அவன் தூக்கி எறிவான், எனக்கு தெரியும் அந்த வயசு. ஓம்ஸ் லால ஆரம்பிங்க. மீட்டர கைல குடுத்து ஃபேன் மோட்டார் வைண்டிங் அளக்கச் சொல்லி, எவ்வளவு கரென்ட் இழுக்கும்னு கேளுங்க. V = I × R ல (வோல்டேஜ் = கரென்ட் × ரெசிஸ்டன்ஸ்) I கண்டுபிடிக்க R அ அந்த பக்கம் கொண்டு போகணும்ல, அதுதான் அல்ஜீப்ரா. அப்புறம் தானா புக்குக்கு வருவான். ஆல்டர்நேட்டிங் கரென்ட்ல ஓடற மோட்டார்னா வெறும் R வச்சு கணக்கு ஒத்துக்காது, மீட்டர்ல நிஜமா காட்டறது கம்மியா இருக்கும், ஏன்னு கேப்பான். கேக்கட்டும், அங்க பிசிக்ஸ் டீச்சர் கிட்ட அனுப்புங்க.

கூட்டல்கழித்தல்:

ரெண்டையும் சேத்து பண்ண வழி இருக்கான்னும் பாருங்க. இங்கிலாந்துல 2015லேர்ந்து 18 வயசு வரைக்கும் ஏதாவது படிப்புல இருந்தே ஆகணும், ஆனா ஸ்கூலாவே இருக்கணும்னு இல்ல, அப்ரென்டிஸா சேரலாம், வாரம் 20 மணி நேரம் வேலை பாத்துகிட்டே பார்ட் டைம் படிக்கலாம். ஜெர்மனில வாரத்துல சில நாள் கம்பெனி, ஒண்ணு ரெண்டு நாள் தொழிற்பள்ளி, இப்படி 2லேர்ந்து மூன்றரை வருஷம், கடைசில பரீட்சை, நாடு முழுக்க செல்லுபடியாகற சர்டிஃபிகேட். உங்க நாட்டுல இதே அளவுக்கு இல்லாட்டியும் ஏதாவது ஒரு வடிவத்துல இருக்கும்.

இதுலயும் முழு சொர்க்கம் இல்ல. எரிக் ஹனுஷெக்னு ஒரு பொருளாதார ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் பல நாட்டு விவரத்த வச்சு 2017ல எழுதினாங்க, தொழிற்கல்வி படிச்சவங்களுக்கு சின்ன வயசுல சீக்கிரம் வேலை கெடைக்குது, ஆனா வயசாக ஆக பொதுக்கல்வி படிச்சவங்க முந்திடறாங்க, தொழில்நுட்பம் மாறும்போது புதுசா கத்துக்க அவங்களுக்கு சுலபமா இருக்கறதால. ஸ்பேனர்செட் அண்ணே சொன்ன இன்வெர்ட்டர் போர்டு கதை தான்.

ஸ்பேனர்செட்:

நான் மாறலயா? பேப்பர்ல எழுதறவங்க என்ன மாதிரி ஆளுங்கள எண்ணறதில்ல போல 😄 சரி விடுங்க. ஆனா எனக்கும் அந்த போர்டு வந்தப்ப புரிய வச்சது பாலிடெக்னிக் முடிச்ச ஒரு பையன் தான், அது உண்மை.

ப்ரோ, அந்த சர்வீஸ்காரர பாக்க போகும்போது தம்பியையும் கூட்டிட்டு போங்க. இத மட்டும் கேளுங்க: "ஸ்கூல் முடிக்கற வரைக்கும் லீவு நாள்ல மட்டும் வரட்டும், முடிச்சதும் முழுசா வரட்டும், அப்ப எடுத்துக்குவீங்களா?" கைல வேலை இருக்கற நல்ல மேஸ்திரி தாராளமா வரட்டும்பார், படிச்சுட்டு வந்தா எனக்கு தான் நல்லதும்பார். இப்பவே வந்தா தான் உண்டுன்னு அவசரப்படுத்தினா அவருக்கு ஏன் அவசரம்னு தம்பியையே யோசிக்க விடுங்க, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க.

நடுவுலஒருத்தன்:

இது சரியா படுது அண்ணே. ஞாயித்துக்கிழமை அவர பாக்க போறோம், தம்பிகிட்ட சொல்லிட்டேன், வரேன்னுட்டான். மூணு வருஷமா அங்க இருக்கற பையன் யாரு, என்ன பண்றான்னு கேட்டதுக்கு "அவன் இன்னும் ஏணி தான்"னு அவனே சொல்லிட்டு சிரிச்சான், அப்புறம் கொஞ்ச நேரம் பேசல. அப்பாகிட்ட சம்பளம், தவணை மேட்டர் இன்னும் எடுக்கல, அதுக்கு அம்மாவ வச்சு தான் பேசணும். போய்ட்டு வந்து எழுதறேன்.